வளர்ப்பு எலிகளின் கூண்டுக்குப் பழந்துணியில் விரிப்பு தைக்கும் முறை

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு வளர்ப்பு எலிகள் இருக்கின்றன. உடன்பிறந்த அந்தப் பெண் எலிகளுக்குச் சிட்டு, பட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். அவை வந்த புதிதில், தச்சுப் பட்டறையிலிருந்து மரச்சீவலை மூட்டையாக வாங்கி வந்து கூண்டின் தரையில் பரப்பினேன். இரண்டு வாரத்திற்குள் இரண்டும் தும்மத் தொடங்கின. எலியின் மூச்சுக்குழல் மிகவும் மென்மையானது. பைன் போன்ற மரங்களின் வாசனைப் பொருள்களும், நுண்ணிய மரத்தூளும், நனைந்த தரையில் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் அதை எளிதில் புண்படுத்திவிடும். பட்டறைச் சீவலில் எந்தெந்த மரம் கலந்திருக்கிறது என்பதை அறிய நமக்கு வழியில்லை. அதனால் சீவலை நிறுத்திவிட்டு, பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய வேட்டிகளை எடுத்து விரிப்பு தைத்தேன். தையல் அதிகம் பழகாதவரும் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

முதலில் துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

விரிப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். அடியில் இருக்கும் அடுக்கு சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டும். எலியின் பாதம் படும் மேல் அடுக்கு கூடுமானவரை உலர்ந்திருக்க வேண்டும். கம்பித் தளத்திலும் ஈரத் தரையிலும் நெடுநாள் நடமாடும் எலிகளுக்கு உள்ளங்காலில் புண் வருவதுண்டு, அது ஆறுவதும் கடினம் என்பதால் மேல் அடுக்கில் கவனம் குறையக் கூடாது.

அடி அடுக்குக்குப் பலமுறை துவைத்துக் கஞ்சியும் சாயமும் போன பருத்தி வேட்டி, லுங்கி, பருத்திப் போர்வை ஆகியவை மிகப் பொருத்தமானவை. புதுத் துணியைவிட நைந்த துணியே நன்றாக உறிஞ்சும். ஆனால் விரலால் இழுத்தால் கிழிந்துவிடும் அளவுக்கு இற்றுப்போன துணி வேண்டாம். மேல் அடுக்குக்கு ஃப்ளீஸ் போர்வை ஏற்றது. அந்த பாலியஸ்டர் துணி நீரைத் தன்னுள் அதிகம் தேக்காமல் கீழே கடத்திவிடும். வெட்டிய ஓரத்திலும் நூல் பிரியாது. புது ஃப்ளீஸில் நீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும் என்பதால், இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு ஒரு கரண்டி நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் மேலே தங்காமல் உடனே இறங்கினால் துணி ஆயத்தமாகிவிட்டது. ஃப்ளீஸ் கிடைக்காதவர்கள் பழைய பருத்திப் பனியன் துணியை மேலே வைக்கலாம். அது ஈரத்தைத் தன்னிலேயே வைத்துக்கொள்ளும் என்பதால் நாள்தோறும் மாற்ற வேண்டியிருக்கும்.

குளியல் துண்டை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். நான் தைத்த முதல் விரிப்பின் மேல் அடுக்கே அதில்தான். ஒரு நாள் காலையில் பட்டு ஒரே இடத்தில் நின்று பின்காலை இழுத்துக்கொண்டிருந்தது. அருகில் போய்ப் பார்த்தபோது, துண்டின் மேற்பரப்பிலிருந்த பொடி நூல் வளையம் ஒன்று அதன் நகத்தின் வளைவில் கொக்கிபோல் மாட்டியிருந்தது. அது துள்ளத் துள்ள வளையம் நீண்டு விரலைச் சுற்றிக்கொண்டது. சிறு கத்தரியால் நூலை வெட்டி எடுக்கும்போது விரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது. இன்னும் சற்று நேரம் கழிந்திருந்தால் இரத்த ஓட்டம் நின்று விரலே போயிருக்கக்கூடும். அன்று முதல் எந்தத் துணியை எடுத்தாலும் என் விரல் நகத்தால் நான்கு பக்கமும் கீறிப் பார்க்கிறேன். நகம் மாட்டினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுகிறேன்.

சரிகைக் கரை, வலைத் துணி, கம்பளி ஆகியவற்றையும் தவிர்க்கவும். பட்டன், ஊக்கு, ஜிப், எலாஸ்டிக் ஆகியவற்றை வெட்டி நீக்கிவிடவும். அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியாக இருந்தால், எத்தனை முறை துவைத்தாலும் அதைக் கூண்டுக்குக் கொடுக்காதீர்கள். அந்த உருண்டையின் ஆவி நஞ்சு.

அளந்து, வெட்டித் தைத்தல்

பருத்தி சுருங்கும் இயல்புடையது. ஆகவே எல்லாத் துணிகளையும் முதலில் ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே அளவெடுக்க வேண்டும். எங்கள் கூண்டின் தட்டு 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் தட்டின் அடியில் மடித்துச் செருக 5 செ.மீ. கூட்டி, மேல் துணியை 100 செ.மீ.க்கு 70 செ.மீ. என்ற அளவில் வெட்டினேன். அடியில் வைக்கும் வேட்டித் துணியைத் தட்டின் அளவுக்கே நான்கு மடிப்பாக மடித்துக்கொண்டால் போதும்.

நான்கு மடிப்பையும் மேல் துணியின் பின்புறத்தில் நடுவில் வைத்து, சுற்றிலும் ஒரு தையலும் குறுக்கே இரண்டு தையலும் போடுங்கள். குறுக்குத் தையல் இல்லாவிட்டால் துவைக்கும்போது அடித்துணி ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். மேல் துணி பனியன் துணியாக இருந்தால் அதன் ஓரத்தை இரண்டு முறை மடித்துத் தைக்க வேண்டும். தையல் நெருக்கமாக இருக்கட்டும். முடிச்சுக்கு அப்பால் நூலின் வால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டில் தையல் இயந்திரம் இல்லாதவர்கள் தெருவிலுள்ள தையல்காரரிடம் ஓவர்லாக் (ஓரத்து நூல் பிரியாமல் பின்னும் தையல்) போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒன்று கூண்டில், ஒன்று துவைப்பில், ஒன்று கொடியில், ஒன்று கையிருப்பில் என்று நான்கு விரிப்புகளாவது தேவைப்படும்.

விரிப்பைப் போட்டதும் எலிகள் ஓரத்தைத் தூக்கி அடியில் நுழையப் பார்க்கும். ஓரங்களைத் தட்டின் அடியில் இறுக்கிச் செருகி, கூண்டுக்கு வெளிப்புறமாக இரும்பு பைண்டர் கிளிப்புகளால் பிடித்து வையுங்கள். பிளாஸ்டிக் கிளிப்பைக் கடித்துத் துப்பிவிடும். துணித் தரையில் தோண்டி விளையாட இயலாது என்பதால், அச்சில்லாத காகிதத்தைக் கிழித்து நிரப்பிய ஒரு பெட்டியையும் மூலையில் வைத்துவிடுவேன்.

துவைக்கும் முறை

புழுக்கைகளை நாள்தோறும் காலையில் பெருக்கி எடுத்துவிட வேண்டும். இரண்டு எலிகள் உள்ள கூண்டில் ஃப்ளீஸ் விரிப்பை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் போதும். எனினும் கூண்டின் தரையளவுக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். எலியின் மூக்கு எப்போதும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நெடி தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

கையுறை அணிந்து விரிப்பை வெளியே உதறி, தனி வாளியில் அரைமணி நேரம் ஊறவைத்து, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாகவே பரவுகிறது என்பதால் இந்த எச்சரிக்கை அவசியம். வீட்டு எலிகள் ஏறி இறங்கும் இடத்தில் விரிப்புகளை அடுக்கி வைப்பதும் கூடாது.

எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. அந்த நீரிலுள்ள சுண்ணச்சத்து சோப்போடு சேர்ந்து திரிந்து இழைகளில் படிந்துவிடுவதால், நாலைந்து துவைப்பிலேயே விரிப்பு அட்டைபோல் விறைத்து, உறிஞ்சும் தன்மையை இழந்துவிடுகிறது. மழைநீர் இருந்தால் அதில் துவைப்பது நல்லது. இல்லையெனில், வாசனையில்லாத சோப்பைக் குறைவாகப் போட்டு, கடைசி அலசலில் ஒரு வாளி நீருக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர் சேருங்கள். அது படிவை இளக்குவதோடு அம்மோனியா நெடியையும் போக்கும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் பட்ட துணியிலோ வினிகரோடோ சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். அதைத் தொடவே வேண்டாம். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவமும், சாம்பிராணிப் புகை காட்டுவதும் இந்த விரிப்புக்கு ஆகாது.

உயரமான கொடியில் வெயிலில் காயவையுங்கள். தரையில் விரித்தால் நெருஞ்சி முள் ஒட்டிக்கொள்ளும். கூண்டில் போடுமுன் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காய்ந்த விரிப்பில் பூஞ்சை பிடிக்கும்.

பருவத்துக்கு ஏற்ற மாற்றம்

எலிக்கு நம்மைப்போல் உடம்பெங்கும் வியர்க்காது; உடம்புச் சூட்டில் ஒரு பகுதியை வால் வழியாக வெளியேற்றுகிறது. சித்திரை, வைகாசியில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வெயிலுக்கு ஃப்ளீஸ் சூடாக இருக்கும். அப்போது நான் வேட்டித் துணியையே மேலும் கீழும் வைத்துத் தைத்ததைப் போட்டு, நாள்தோறும் மாற்றுகிறேன். ஓசூர், தளிப் பகுதியின் மார்கழிக் குளிருக்கு ஃப்ளீஸே ஏற்றது.

வெட்டியது போக மீந்த வேட்டித் துண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு மிகாமல் கிழித்து, பிரிந்த நூலை நீக்கி, கூண்டுக்குள் போடுங்கள். சிட்டு அவற்றை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் வட்டமாக அடுக்கி, நடுவில் சுருண்டு படுத்துக்கொள்கிறது.