கீமோவுக்கு அடங்காத சினைப்பைப் புற்றுநோய்: கூட்டு மருந்து ஆய்வை எப்படிப் படிப்பது

சினைப்பைப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது, கார்போபிளாட்டின் என்ற பிளாட்டினம் வகைக் கீமோ மருந்து இனி வேலை செய்யாது என்று டாக்டர் சொன்ன ஒரு வாரத்துக்குள் உறவுக்காரர்கள் நாலு பேராவது "புதுக் கூட்டு மருந்து, கட்டி பாதியாகக் குறைந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுவார்கள். அன்பில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அதைப் படிக்கத் தெரியாமல் ஊர் ஊராக அலைந்த குடும்பங்கள் நிறைய, சித்திக்காக அலைந்த எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. எந்த மருந்து போட வேண்டும் என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு ஆய்வு முடிவு கைக்கு வந்தால் அதில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று பாருங்கள். கடைசிப் பிளாட்டினம் மருந்து ஏற்றி 6 மாதத்துக்குள் நோய் திரும்பினால் அதைப் பிளாட்டினத்துக்கு அடங்காத நோய் என்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போதே, அல்லது முடிந்து ஒரு மாதத்துக்குள்ளேயே வளர்ந்தால் அது இன்னும் முரடு, அப்படிப்பட்டவர்களைப் பல ஆய்வுகளில் சேர்ப்பதே இல்லை. 6 மாதத்துக்குப் பிறகு திரும்பியவர்களிடம் நல்ல பலன் காட்டிய கூட்டு மருந்து இவர்களிடம் அதே பலனைக் காட்டும் என்று நம்ப முடியாது. அதனால் ஃபைலை எடுத்து, கடைசியாகப் பிளாட்டினம் ஏற்றிய தேதி, நோய் திரும்பியது ஸ்கேனில் தெரிந்த தேதி, இதுவரை போட்ட மருந்துகள், இவை மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்தது, எதில் சோதித்தார்கள். செய்திகளில் பாதி, ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் செல்களைப் பற்றியவை. இரண்டு மருந்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் ஊற்றி, கூட்டுக் குறியீடு என்று ஒரு எண் கணக்கிடுவார்கள். அது 1-க்குக் கீழே இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன, 1-க்கு மேலே என்றால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. நல்ல முறைதான். ஆனால் எந்தச் செல்லில் பார்த்தார்கள் என்று கவனியுங்கள். ஏ2780 என்ற செல்வரிசையைப் பல ஆண்டுகளாகச் சினைப்பைப் புற்றுநோய்க்கு மாதிரியாக வைத்திருந்தார்கள், பெரும்பாலான பெண்களுக்கு வரும் வகையோடு அதன் மரபணு அமைப்பு சரியாக ஒத்துப்போகவில்லை என்று 2013-இல் வெளியான ஒரு ஒப்பீடு காட்டியது. இன்னொன்று, தட்டில் ஊற்றும் அளவு மருந்தை மனித ரத்தத்தில் ஏற்ற முடியாமலே போகலாம். இரண்டு மருந்துமே தட்டணுக்களை (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைப்பவையாக இருந்தால் ஆய்வுக்கூடத் தட்டில் அது தெரியாது, உடம்பில்தான் தெரியும்.

அதற்குத்தான் முதல் கட்ட ஆய்வு. வழக்கமான முறையில், ஒரு அளவில் மூன்று பேருக்குக் கொடுப்பார்கள். யாருக்கும் கடுமையான பாதிப்பு இல்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர், இரண்டு பேருக்கு வந்தால் அதற்கு மேல் போக மாட்டார்கள். எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்பதுதான் இங்கே முக்கியக் கேள்வி, மருந்து நோயைக் கட்டுப்படுத்துமா என்பது அப்புறம். இரண்டாம் கட்டத்தில் சில பத்துப் பேரிடம் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். இருக்கிற சிகிச்சையைவிட நல்லதா என்ற கேள்விக்கு, குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து நடத்தும் மூன்றாம் கட்டம்தான் பதில் தரும்.

இனி எண்கள். ஆரேலியா என்ற ஆய்வை வைத்துப் பழகலாம், 2014-இல் வெளியானது. பிளாட்டினத்துக்கு அடங்காத 361 பெண்கள். ஒரு குழுவுக்குக் கீமோ மட்டும் (வாராந்திர பாக்லிடாக்சல், லைப்போசோமல் டாக்ஸோரூபிசின், டோபோடெகன், மூன்றில் ஒன்று, மருத்துவர் தேர்வு), இன்னொரு குழுவுக்கு அதோடு கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவசிசுமாப். கட்டி குறிப்பிட்ட அளவு சுருங்கியவர்கள் முதல் குழுவில் 11.8%, இரண்டாவதில் 27.3%. நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) முதல் குழுவில் 3.4 மாதம், இரண்டாவதில் 6.7 மாதம். ஏறக்குறைய இரட்டிப்பு. உயிர் வாழ்ந்த காலம்? 13.3 மாதம், 16.6 மாதம்.

அந்தக் கடைசி வித்தியாசத்தைப் பார்த்து மூன்று மாதம் கூடியது என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு. ஹசார்டு ரேஷியோ என்ற எண்ணையும் அதன் பக்கத்தில் இருக்கும் வரம்பையும் (உண்மையான எண் பெரும்பாலும் இதற்குள் இருக்கும்) பார்க்க வேண்டும். 1 என்றால் இரண்டு குழுவும் சமம், 1-க்குக் கீழே என்றால் புது மருந்துக்குச் சாதகம். நோய் வளர்வதற்கு அந்த எண் 0.48, அதாவது எந்த நேரத்தில் பார்த்தாலும் வளரும் ஆபத்து பாதியாகிறது. ஆயுளுக்கு 0.85, வரம்பு 0.66-இலிருந்து 1.08 வரை. வரம்புக்குள் 1 இருக்கிறது, எனவே இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். கீமோ மட்டும் எடுத்தவர்களில் 40% பேர் நோய் வளர்ந்த பிறகு பெவசிசுமாப் எடுத்தார்கள் என்பதும் இதை மங்கலாக்கியிருக்கலாம்.

அதே ஆய்வில் வாராந்திர பாக்லிடாக்சல் எடுத்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், நோய் வளராத காலம் 3.9 மாதத்திலிருந்து 10.4 மாதம் ஆகிறது. கண்ணை இழுக்கும் எண். ஆனால் யாருக்கு எந்தக் கீமோ என்பதை முடிவு செய்தது மருத்துவர், குலுக்கல் இல்லை, அதனால் இந்த மருந்து மற்ற இரண்டைவிடச் சிறந்தது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. டாக்டரிடம் கேட்க நல்ல கேள்வி, அவ்வளவுதான்.

இரண்டு கீமோவைச் சேர்த்தால் ஒன்றைவிட நல்லதுதானே என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2008-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் நோய் திரும்பிய 502 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: டோபோடெகன் மட்டும், டோபோடெகனோடு எடோபோசைடு, டோபோடெகனோடு ஜெம்சிடபின். ஆயுள் முறையே 17.2, 17.8, 15.2 மாதம். கூட்டினால் ஆயுள் கூடவில்லை, கூட்டு மருந்து எடுத்தவர்களுக்குத் தட்டணுக்கள் ஆபத்தாகக் குறைவதுதான் அதிகமாக இருந்தது. இதற்கு நேர்மாறாக, நாப்-பாக்லிடாக்சலோடு (பாக்லிடாக்சலின் ஒரு வடிவம்) ரெலகோரிலன்ட் (கீமோ இல்லை, கார்டிசால் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மருந்து) சேர்த்துப் பார்த்த ரோசெல்லா ஆய்வில் (381 பெண்கள், 2025) நோய் வளராத காலம் 5.5 மாதத்திலிருந்து 6.5-க்குத்தான் போனது, ஆனால் ஆயுளின் இடைக்காலக் கணக்கு 11.5 மாதத்திலிருந்து 16 மாதம் வரை நீண்டிருந்தது. ஒரு எண்ணைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்காதீர்கள், இரண்டையும் தேடிப் படியுங்கள்.

"கட்டி குறைந்தது" என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு. அளக்கும் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அது 30% குறைந்தால்தான் பலன் என்று எடுப்பார்கள், 20% கூடினால் வளர்ச்சி. சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை எண் என்றால், பாதியாகக் குறைந்து 28 நாளாவது அப்படியே நிற்க வேண்டும். வயிற்றில் தேங்கிய நீரை எடுத்த சமயத்தில் வந்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், உடையவும் வேண்டாம்.

பக்கவிளைவு அட்டவணையைத் தாண்டிப் போகாதீர்கள், யாரைச் சேர்க்கவில்லை என்ற பகுதியையும்தான். பெவசிசுமாப் குடலில் ஓட்டை விழ வைக்கலாம் என்பதால், ஆரேலியாவில் குடல் அடைப்பு வந்தவர்களையும் நோய் குடலைத் தொட்டவர்களையும் சேர்க்கவே இல்லை. அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தும் பெவசிசுமாப் எடுத்தவர்களில் 2.2% பேருக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. எங்கள் சித்திக்குக் குடல் அடைப்பு வந்திருந்தது, அந்த ஆய்வின் நல்ல எண்கள் எதுவும் அவருக்குப் பொருந்தாது என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஆனால் ஒரு நல்ல செய்தியும் அதில் இருக்கிறது. வயிற்று உபாதை குறைந்ததாகச் சொன்னவர்கள் கீமோ மட்டும் எடுத்தவர்களில் 9.3%, கூட்டு மருந்தில் 21.9%. சாப்பிட முடிவது, வயிறு உப்பாமல் தூங்க முடிவது எல்லாம் பெரிய விஷயம், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும்.

சரி, ஆய்வில் சேரச் சொல்லி உங்களிடமே கேட்டால்? இந்தியாவில் நடக்கும் ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், பதிவு எண் கேளுங்கள். எந்தக் கட்டம், எதோடு ஒப்பிடுகிறார்கள், ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன மருந்து கிடைக்கும், ஸ்கேனுக்கும் பயணத்துக்கும் யார் பணம் தருவார்கள் என்று கேளுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள், அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கின்றன. படிவத்தில் இருக்கும் தொடர்பு எண்ணை வீட்டில் இரண்டு பேர் போனிலாவது சேமித்து வையுங்கள். கீமோ நடக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் உடனே கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.