பெயர் கேட்காத படிவத்தில் பெயரைத் தேடாதீர்கள்: பணியிடப் பண்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை வட்டாரத் தொழிற்சாலைகளின் மனிதவளத் துறையில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு, வேலையின் நெளிவுசுளிவுகள் பிடிபடும் முன்பே ‘எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்’, அதாவது ஊழியர்களை வேலையில் மனமொன்றி ஈடுபடச் செய்வது, என்ற பொறுப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. அதை ஒப்படைக்கும் மேலாளர் பெரும்பாலும் விளக்கம் எதுவும் தருவதில்லை; சிறு தொகை ஒன்றை ஒதுக்கி, “ஏதாவது செய்யுங்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த ‘ஏதாவது’ என்ற இடத்தில் எங்கள் தலைமுறை எந்தெந்தப் பிழைகளைச் செய்ததோ அவற்றையே, ஏறத்தாழ அதே வரிசையில், இவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். கடுமையான மின்னஞ்சல் அனுப்புவது, கூட்டத்துக்குத் தாமதமாக வருவது போன்ற பிழைகள் யாரும் சொல்லாமலே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சேதம் செய்பவற்றை மட்டும் எழுதுகிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை.

கேன்டீனைச் சரிசெய்யாமல் கோலப்போட்டி நடத்துவது

பொங்கலுக்குக் கோலப்போட்டி, ஆயுதபூசைக்குப் பொரிகடலை, மகளிர் நாளுக்கு ரோஜாப்பூ, வெள்ளிக்கிழமை மாலையில் விளையாட்டு என்று நாட்காட்டி ஒன்றைத் தயாரித்துவிட்டால் பணியிடப் பண்பாடு உருவாகிவிடும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். இந்தக் கொண்டாட்டங்கள் தவறானவை அல்ல. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும் இடத்தில் அவை எடுபடுவதில்லை என்பதே சிக்கல்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் நேர்காணல் நடத்தி, 1959இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஊதியம், பணிச்சூழல், மேற்பார்வை போன்றவை மோசமாக இருந்தால் மனக்குறை பெருகும். அவை சரியாக இருந்தால் மனக்குறை நீங்குமே தவிர, வேலையில் ஆர்வம் தானாகப் பிறந்துவிடாது. அந்த ஆர்வம் வேலையின் தன்மையிலிருந்தும், கிடைக்கும் அங்கீகாரத்திலிருந்தும், பொறுப்பிலிருந்தும் வர வேண்டும் என்றார். அவருடைய ஆய்வுமுறையைப் பின்னாளில் பலர் குறைகூறினார்கள். ஆயினும் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்ற வரிசையை அறிய அது இன்னும் பயன்படுகிறது.

இந்த வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் பலர் விடுதி உணவால் நோயுற்றபோது, அவர்களுடைய சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்குக் கேன்டீனைக் கட்டாயமாக்க வழிவகுத்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதை நடத்துவதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடமளித்தது. அந்தக் கேன்டீன் குழுவை மாதந்தோறும் ஒழுங்காகக் கூட்டினாலே கோலப்போட்டியைவிட அதிகப் பலன் கிடைக்கும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதைக்கூடத் தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்துதான் உறுதிசெய்ய வேண்டியிருந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

பெயர் கேட்காத படிவத்தில் பெயரைத் தேடுவது

ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஊழியர் கருத்துக்கணிப்பு நடந்தது. படிவத்தின் தலைப்பிலேயே “உங்கள் பெயரை எழுத வேண்டியதில்லை” என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே பிரிவு, ஷிஃப்ட், பாலினம், வயது, பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. கழிப்பறைக்குச் செல்ல சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும் என்ற வழக்கம் தங்களை அவமானப்படுத்துகிறது என்று ஒருவர் கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார். மாதாந்தர ஆய்வுக் கூட்டத்தில் ஆலை மேலாளர் அதைப் படித்துவிட்டு, “இதை எழுதியது யார்?” என்று கேட்டார். கோபத்தில் அவர் கேட்கவில்லை. நேரில் பேசித் தீர்த்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் கேட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த மனிதவள அலுவலர் எக்ஸெல் கோப்பைத் திறந்து, தரப்பரிசோதனைப் பிரிவு, முதல் ஷிஃப்ட், பெண், நாற்பது வயதுக்கு மேல், பத்தாண்டுக்கு மேல் பணி என்று ஒவ்வொன்றாக வடிகட்டினார். ஒரே ஒரு வரி மிஞ்சியது. அவர் பெயரைச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணை அலுவலகத்துக்கு அழைத்து, உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, டோக்கன் முறை ஏன் தேவைப்படுகிறது என்று மரியாதையாகவே விளக்கினார்கள். எச்சரிக்கைக் கடிதமோ இடமாற்றமோ கிடையாது. ஆனால் அவர் தம் இடத்துக்குத் திரும்புவதற்குள், பெயர் எழுதாத படிவத்திலிருந்தும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற செய்தி ஆலை முழுவதும் பரவிவிட்டது.

என்னை எரிச்சலூட்டுவது அடுத்த ஆண்டு நடந்ததுதான். ஏறத்தாழ எல்லோரும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் மதிப்பெண் உயர்ந்திருந்தது. கருத்துப் பகுதி வெறுமையாக இருந்தது, அல்லது அதில் “நன்றி” என்று எழுதியிருந்தது. நிர்வாகம் கேக் வெட்டியது. மனிதவள அலுவலருக்குப் பாராட்டுக் கிடைத்தது. டோக்கன் முறை அப்படியே நீடித்தது. அதன் பிறகு அளவுக்கருவி ஒன்று பிழையாகக் காட்டுவதைப் பரிசோதனைப் பிரிவில் பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து சரக்கு திரும்பி வந்த பிறகே நிர்வாகத்துக்கு அது தெரிந்தது. விசாரணையில், “சொல்லியிருக்கலாமே” என்று ஒரு மேலாளர் கேட்டாராம். அனுபவமுள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். விலகல் படிவத்தில் அத்தனை பேரும் “குடும்பச் சூழல்” என்றே காரணம் எழுதியிருந்தார்கள்.

மதிப்பெண் உயர்வது நல்ல அறிகுறி என்று எண்ணுவதற்கு எதிரான சான்று ஆய்வுலகில் நெடுங்காலமாக இருக்கிறது. மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உள்ள குழுக்களில் பதிவான பிழைகளே அதிகமாக இருந்தன. அங்கே பிழைகள் அதிகம் நடந்தன என்பதைவிட, நடந்ததை அச்சமின்றிச் சொல்ல முடிந்தது என்பதே பொருத்தமான விளக்கமாக அவருக்குப் பட்டது. அதற்கும் முன்னதாக 1990இல், ஒரு கோடைக்கால முகாமிலும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்திலும் பணியாற்றியவர்களை ஆராய்ந்த உளவியலாளர் வில்லியம் கான், ஒருவர் வேலையில் மனமொன்றி ஈடுபட மூன்று நிலைமைகள் தேவை என்று எழுதினார்: செய்யும் வேலையில் பொருள் இருக்க வேண்டும், தன்னை வெளிப்படுத்தினால் கேடு வராது என்ற பாதுகாப்பு இருக்க வேண்டும், ஈடுபடுவதற்கான உடல், மன வலிமை எஞ்சியிருக்க வேண்டும். நாம் நடத்தும் கருத்துக்கணிப்பு இந்த இரண்டாவது நிலைமையை நம்பித்தான் நிற்கிறது; அதைக் கையாளும் முறையாலேயே அந்த நிலைமையைக் கெடுத்தும்விடுகிறோம்.

எனவே இதில் மட்டும் விதிகள் கறாராக இருக்க வேண்டும். பயன்படுத்தப்போகாத விவரத்தைக் கேட்கவே கூடாது. வயதைக் கொண்டு எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்றால் வயதுக்குக் கட்டம் எதற்கு? ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்டக் கூடாது. பத்து என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கழித்தல் கணக்கையும் மறந்துவிடாதீர்கள்: பன்னிரண்டு பேர் கொண்ட பிரிவின் மொத்த முடிவையும், அதில் உள்ள ஒன்பது ஆண்களின் முடிவையும் வெளியிட்டால், மீதி மூன்று பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது தானே வெளிவந்துவிடும். கருத்துப் பகுதியில் எழுதியதை அப்படியே மேலாளர்களிடம் கொடுக்கக் கூடாது. கையெழுத்து காட்டிக்கொடுக்கும், தட்டச்சு செய்தாலும் நெல்லைக்காரரின் வழக்கும் கொங்குக்காரரின் வழக்கும் காட்டிக்கொடுக்கும். சாரத்தை உங்கள் சொற்களில் எழுதிக் கொடுங்கள். கைப்பேசி வழியாக நடத்தினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு போகிறதா என்று பாருங்கள். தனி இணைப்பு என்றால் யார் எதை நிரப்பினார் என்பது எங்கோ ஓரிடத்தில் பதிவாகிறது என்று பொருள். அப்படியிருக்க, “உங்களை யாராலும் அடையாளம் காண முடியாது” என்று அறிவிப்பது பொய். “இந்த வெளி நிறுவனத்திடம் மட்டும் விவரம் இருக்கும், எங்களுக்குத் தரமாட்டார்கள்” என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். புகார்ப் பெட்டிக்கு நேர் மேலே கண்காணிப்புக் கேமரா மாட்டியிருந்த ஆலையையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டி ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று அங்கே உண்மையாகவே வியந்துகொண்டிருந்தார்கள்.

“யார் எழுதியது?” என்ற கேள்வி எப்படியும் வரும் என்று எதிர்பார்த்து, அதற்கு இடமில்லை என்பதைக் கணிப்புக்கு முன்பே மேலாளர்களிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பாலியல் தொல்லை போன்ற கடுமையான புகார் பெயரில்லாமல் வந்தால் என்ன செய்வது என்று புதியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அப்போதும் எழுதியவரைத் தேடக் கூடாது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான 2013ஆம் ஆண்டின் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் இடங்களில் அமைந்திருக்க வேண்டிய உள்ளகக் குழுவை எப்படி அணுகுவது, அதன் உறுப்பினர்கள் யார் என்பதை எல்லோருக்கும் மறுபடியும் அறிவியுங்கள். அந்தப் பிரிவின் மேற்பார்வை முறையைப் பொதுவாக ஆராயுங்கள். பாதிக்கப்பட்டவர் தாமாக முன்வருவதற்கான வழியைத் திறந்துவைப்பது நம் கடமை; அவரை இழுத்துவருவது நம் கடமையன்று.

“நாம் எல்லோரும் ஒரே குடும்பம்” என்று பேசுவது

ஆட்குறைப்பு நாளன்று இந்தச் சொற்றொடர் உங்களிடமே திரும்பி வரும்.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களைக் கணக்கில் சேர்க்காதது

ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்பவர்களில் சிலர் நிரந்தர ஊழியர்கள், சிலர் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள், சிலர் பயிற்சியாளர்கள் என்பது நம் ஆலைகளின் இயல்பாகிவிட்டது. சீருடையின் நிறம் வேறு, பேருந்தில் இருக்கை வேறு, தீபாவளி இனிப்புப் பெட்டியின் அளவும் வேறு. இந்தச் சூழலில் நிரந்தர ஊழியர்களிடம் மட்டும் கருத்துக்கணிப்பு நடத்தி, “எங்கள் ஆலையில் மனநிறைவு அதிகம்” என்று அறிக்கை எழுதுவது பாதிப் பேரைப் பார்க்காமல் எழுதுவதாகும். அவர்கள் சட்டப்படி நம் ஊழியர்கள் அல்லர் என்ற விளக்கம் சட்டத்துறைக்குத் தேவைப்படலாம். பக்கத்தில் நின்று வேலை செய்பவர் அதை நம்புவதில்லை. ஊதியத்தில் உள்ள வேறுபாட்டை மனிதவள அலுவலரால் உடனே மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். இனிப்புப் பெட்டியின் அளவை மாற்ற முடியும். குடிநீர், கழிப்பறை, பேருந்து, கேன்டீன் வரிசை ஆகியவற்றில் வேறுபாடு காட்டாமல் இருக்க முடியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் கணிசமாக இருக்கும் ஆலையில் அறிவிப்புப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், பாதுகாப்பு விதிகூட அவர்களைச் சென்றடையாது.

திறமையான ஆபரேட்டரை ஒரே நாளில் சூப்பர்வைசராக்குவது

ஒரு தொழிலாளிக்கு நிறுவனம் என்பது பெரும்பாலும் அவருடைய சூப்பர்வைசர்தான். விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கிறாரா, பிழை நேர்ந்தால் எல்லோர் முன்னிலையிலும் ஏசுகிறாரா, ஓ.டி.க்கு நிற்க முடியாது என்று சொன்னவரை மறுநாள் எந்த இயந்திரத்தில் போடுகிறார் என்பவையே அந்த ஆலையின் பண்பாடு. அப்படிப்பட்ட பொறுப்பில், இயந்திரத்தை நன்றாக இயக்குகிறார் என்ற ஒரே தகுதியில் ஒருவரை அமர்த்தி, ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு மணி நேரம்கூடக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். அவரோ தம்முடைய பழைய சூப்பர்வைசர் எப்படிக் கத்தினாரோ அப்படியே கத்தக் கற்றுக்கொண்டிருப்பார். மேலும் ஒரு சங்கடம் உண்டு: நேற்றுவரை “அண்ணே” என்று தாம் அழைத்துவந்த மூத்தவர்களுக்கு இன்று அவர் வேலை ஏவ வேண்டும். இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே அவரிடம் பேசி, முதல் சில மாதங்களாவது வாரம் ஒருமுறை உடன் உட்கார்ந்து நடந்தவற்றைக் கேளுங்கள். கொண்டாட்டங்களுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இந்தப் பயிற்சிக்குத் திருப்பச் சொல்லி நிர்வாகத்திடம் வாதாடினாலும் நான் தவறென்று சொல்லமாட்டேன்.

மாதந்தோறும் ஒரே துறைக்குச் ‘சிறந்த ஊழியர்’ விருது

அலுவலகத்துக்கு அருகில் இருப்பவருக்கே அது கிடைக்கிறது. மூன்றாம் ஷிஃப்டில் வேலை செய்பவரை விருதுக்குத் தேர்வு செய்யும் குழுவில் யாரும் பார்த்ததேயில்லை.

விலகிப் போகிறவரிடம் மட்டும் காரணம் கேட்பது

பணி அனுபவச் சான்றிதழும் கடைசி மாதச் சம்பளமும் நம் கையில் இருக்கும்போது அவர் உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருப்பவர்களிடம், அவர்கள் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே கேளுங்கள்.

பணிக்குழுவைப் பதிவேட்டில் மட்டும் நடத்துவது

நூறு பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளர்களும் பங்குபெறும் பணிக்குழு அமைக்க வழிவகுத்தது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது என்றும் அது சொன்னது. நடைமுறையில் பல ஆலைகளில் இந்தக் குழு ஒரு பதிவேடாகவே வாழ்கிறது. அரசு ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் நான்கு கூட்டங்களின் குறிப்புகளை ஒரே மாலையில், ஒரே பேனாவில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். புதிய செயலிக்கும் வெளி ஆலோசகருக்கும் பணம் கேட்கும் முன், கையில் ஏற்கெனவே இருக்கும் இந்தக் குழுவை உண்மையாகக் கூட்டுங்கள். சூப்பர்வைசரின் செல்லப்பிள்ளைகளை நியமிக்காமல், உறுப்பினர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். கூட்டக் குறிப்பைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதி, வருகைப் பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, மறுத்ததற்குக் காரணம் என்ன, ஏற்றதை எந்தத் தேதிக்குள் எந்த அதிகாரி முடிப்பார் என்பவை அதில் இருக்க வேண்டும். தேதி தவறினால் பழைய தேதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய தேதியை எழுதுங்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை ஒட்ட வேண்டாம்.