உயர் சுழல் நிலைகள்: ஒரே கேட்டை நம்பி லெவல் ஸ்கீம் வரையாதீர்கள்

காமா நிறமாலையை வைத்து அணுக்கருவின் ஆற்றல் நிலைகளின் வரைபடத்தை (லெவல் ஸ்கீம்) வரையப் புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள் மாறவே இல்லை. எங்கள் காலத்தில் எங்கெல்லாம் சறுக்கினோமோ, அங்கேயேதான் இன்றும். டிடெக்டருக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற மறக்காதே என்பதெல்லாம் லேபிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே கேட்டில் தெரிந்ததை நம்புவது

கன அயனியை இலக்கில் மோதி உருவாக்கும் அணுக்கரு வேகமாகச் சுழன்றபடியே பிறக்கிறது, அப்புறம் காமாக்களை வரிசையாக விட்டுக்கொண்டு கீழே இறங்குகிறது. அதில் ஒன்றின் மேல் கேட் போட்டால், அதாவது அந்த ஆற்றலில் ஒரு காமா பதிவான நிகழ்வுகளை மட்டும் எடுத்தால், அதோடு சேர்ந்து வந்தவை மட்டும் தெரிய வேண்டும். நடப்பது வேறு. 1000 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) காமா ஒன்று ஜெர்மானியம் டிடெக்டரில் ஆற்றலின் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு வெளியே போய்விடும். சுற்றியுள்ள பிஜிஓ (பிஸ்மத் ஜெர்மனேட் படிகம்) கவசம் அப்படிப்பட்டவற்றில் நிறையப் பேரைப் பிடிக்கும், எல்லாரையும் பிடிக்காது. ஆகவே 430 கேஇவி பீக்கில் நீங்கள் போடும் கேட்டுக்கு அடியில், அதைவிட ஆற்றல் கூடிய காமாக்கள் விட்டுப்போன காம்ப்டன் பின்னணியும் கிடக்கிறது. அந்தப் பின்னணி இழுத்துவரும் ஜோடிகள் மங்கலாக வராமல் கூர்மையான பீக்குகளாகவே வருகின்றன, ஏமாறுவது அங்கேதான்.

ஒரு மாணவர் இப்படி மூன்று புதிய கோடுகளைக் கண்டுபிடித்து, லெவல் ஸ்கீமின் உச்சியில் அடுக்கி, டிசிஓ விகிதம் (இரு கோணங்களில் பதிவான செறிவுகளின் விகிதம், ஸ்பின் மாற்றத்தைக் காட்டும்) எடுத்து, ஸ்பின் கொடுத்து, மாடல் கணக்கும் ஓட்டி முடித்திருந்தார். "ரிவர்ஸ் கேட் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். இல்லை. அந்த மூன்றிலும் கேட் போட்டால் 430 வரவே இல்லை. வந்ததெல்லாம் ஒரு நியூட்ரான் கூடுதலாக ஆவியான பக்கத்து ஐசோடோப்பின் கோடுகள். பல மாத உழைப்பு வீண். சில நிமிடத்தில் முடிகிற சோதனை என்பதால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

பீக்குக்கு இருபுறமும் வேறு பீக் இல்லாத இடத்தில் பின்னணி கேட் போட்டு, அகலத்தைச் சரிசெய்து கழியுங்கள். கழித்தபின் பள்ளம் விழுந்தால் பின்னணி கேட் யாரோ ஒருவரின் பீக்கில் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ரிவர்ஸ் கேட். அப்புறம் கூட்டல்: ஒரே இரு நிலைகளுக்கு இடையில் இரண்டு வழி இருந்தால் இரண்டின் ஆற்றல் கூட்டுத்தொகையும் பிழை எல்லைக்குள் ஒன்றாக வர வேண்டும். இதில் எது இடறினாலும் அந்தக் கோட்டை உறுதியில்லை என்று காட்டும் புள்ளிக்கோடாகக்கூடப் போடாதீர்கள்.

511-இல் கேட்

வேண்டாம். 511 கேஇவி என்பது பாசிட்ரான் எலக்ட்ரானோடு மோதி அழியும்போது வரும் ஆற்றல். அந்த ஜோடியை உருவாக்கக்கூடிய, 1022 கேஇவிக்கு மேற்பட்ட எந்தக் காமாவும் அங்கே வந்து விழலாம்.

டிசிஓ 1 என்றால் நான்முனை (பொதுவாக ஸ்பினை 2 மாற்றுவது) என்று முடிவுகட்டுவது

முதலில் எந்தக் கேட்டில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். நான்முனைக் கேட்டிலேயே எடுத்திருந்தாலும், ஸ்பின் மாறாத இருமுனை மாற்றமும் 1-க்கு அருகில்தான் வரும்.

ஐசோமரை (சற்று நேரம் தங்கிச் சிதையும் நிலை) மறப்பது

டிஸ்ப்ரோசியம்-152-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 1986-இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் 60 ஸ்பின் அளவு வரை மீயுருத்திரிபுப் பட்டையை (மிகவும் நீண்ட வடிவத்தில் சுழலும் அணுக்கருவின் நிலை வரிசை) கண்ட அதே அணுக்கரு. அதன் 17+ (ஸ்பின் 17, பாரிட்டி பிளஸ்) நிலையின் அரை ஆயுள் சுமார் 60 நானோநொடி. இரண்டு காமாக்கள் சேர்ந்து வந்ததாகக் கொள்ளும் நேரச் சாளரத்தை மிகக் குறுக்கினால், அந்த நிலைக்கு மேலே உள்ள கோடுகளுக்கும் கீழே உள்ளவற்றுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும்.

ஆற்றல் அளவுத்திருத்தத்துக்கு யூரோப்பியம்-152 மட்டும் போதும் என்பது

1408 கேஇவிக்கு மேல் அதில் உருப்படியான கோடு இல்லை. கோபால்ட்-56 வையுங்கள், 3250 வரை போகலாம். அதுவும் பீம் நின்றதும் அதே அமைப்பிலேயே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் இங்கா (இந்திய தேசிய காமா அணி) போன்ற அணியின் டிடெக்டர்கள் மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று இடம் மாறிக்கொண்டிருப்பவை. கழற்றிய பிறகு கேட்டால் கிடைக்காது.