ரிச்டெக்ஸ்ட்பாக்ஸில் வரி இடைவெளி அமைக்கும் முறை

தருமபுரியில் மனு தட்டச்சு செய்து தரும் கடை ஒன்றுக்காகச் சி ஷார்ப் மொழியில் சிறு மென்பொருள் ஒன்றை எழுதினேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லும் மனுக்களில் வரிகள் ஒன்றரை இடைவெளியில் அமைய வேண்டும் என்பதே கடைக்காரரின் கோரிக்கை. விண்டோஸ் ஃபார்ம்ஸின் (விண்டோஸ் மென்பொருள்களுக்குத் திரைகள் அமைக்கும் கருவித்தொகுப்பு) ரிச்டெக்ஸ்ட்பாக்ஸில், அதாவது வடிவமைத்த உரையைத் தட்டச்சு செய்யும் பெட்டியில், எழுத்துரு, நிறம், உள்தள்ளல் ஆகியவற்றுக்குப் பண்புகள் உள்ளன. வரி இடைவெளிக்கு இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இயங்கும் ரிச் எடிட் என்னும் விண்டோஸின் உரைத்திருத்திக்கு அந்தத் திறன் உண்டு என்பதால், அதற்கே நேரடியாகச் செய்தி அனுப்ப வேண்டும்.

முதலில், யூசர்32 நூலகத்திலுள்ள செண்ட்மெசேஜ் செயல்கூற்றை உங்கள் நிரலில் அறிவியுங்கள்.

அடுத்து, பத்தி அமைப்புகளைத் தாங்கும் பாராஃபார்மேட்2 என்னும் ஸ்ட்ரக்டை (பல புலங்களை ஒன்றாகக் கட்டிய தரவு வடிவம்) எழுதுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நமக்குத் தேவை சில புலங்களே என்றாலும், 32 டேப் நிறுத்தங்களுக்கான வரிசை உட்பட எல்லாப் புலங்களையும் உரிய வரிசையில், உரிய அளவில் எழுத வேண்டும். எழுதியபின் மார்ஷல் சைஸ்ஆஃப் கொண்டு அளந்து பாருங்கள். 188 பைட் வராவிட்டால் எங்கோ ஒரு புலம் பிசகியிருக்கிறது. அந்த அளவையே சிபிசைஸ் புலத்தில் இடுங்கள்.

பின்பு, எந்த அமைப்பை மாற்றுகிறோம் எனச் சொல்லும் மாஸ்க் புலத்தில் வரி இடைவெளியைக் குறிக்கும் 256, இடைவெளி விதியில் 5, இடைவெளி மதிப்பில் 30 என இடுங்கள். ஐந்தாம் விதியில் 20 என்பது ஒரு வரி. ஆகவே 30 என்பது ஒன்றரை வரி.

நான்காம் விதி இடைவெளியைத் துல்லியமாக ட்விப் கணக்கில், அதாவது ஒரு பாயிண்டுக்கு 20 ட்விப் என்ற அளவில், நிறுத்திவிடும். தமிழுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 12 பாயிண்ட் எழுத்துக்கு 240 என்று கொடுத்துவிட்டு, 'கிருஷ்ணகிரி', 'ஓசூர்' என அடுத்தடுத்த வரிகளில் தட்டச்சு செய்து பாருங்கள்: மேலே எழும் கொக்கியோ கீழே இறங்கும் சுழியோ வெட்டுப்படக்கூடும். ஐந்தாம் விதியோ எழுத்துருவின் உயரத்தை ஒட்டியே கணக்கிடும்.

இறுதியாக, செலக்ட்ஆல் கொண்டு உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, பெட்டியின் ஹேண்டிலுக்கு (விண்டோஸ் அதை அடையாளம் காணும் எண்) பத்தி அமைப்பை மாற்றும் 1095 என்னும் செய்தியை அனுப்புங்கள். செய்தியோடு செல்லும் முதல் அளவுரு 0, அடுத்தது ஸ்ட்ரக்டின் முகவரி. தேர்ந்தெடுத்த பத்திகளுக்கு மட்டுமே இது செல்லும்.

செலக்ட்ஆலுக்கு முன்பு செலக்ஷன்ஸ்டார்ட், செலக்ஷன்லெங்த் ஆகிய இரண்டையும் குறித்துவைத்து, செய்தி அனுப்பியதும் மீட்டுவிடுங்கள். நான் இதை மறந்ததால், உரை முழுவதும் தேர்வாகியே கிடக்க, கடைக்காரர் அழுத்திய அடுத்த விசையில் மனு முழுவதும் மறைந்து ஓர் எழுத்து மட்டும் நின்றது.