வெள்ளை அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை: கடலோரப் பள்ளிக் கட்டடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பள்ளிக் கட்டடங்களில் மராமத்து வேலை பெரும்பாலும் மே மாதம்தான் நடக்கும். ஜூனில் பள்ளி திறக்க வேண்டும். அதற்குள் காரை பெயர்ந்த இடத்தைப் பூசி, சுவருக்கு வெள்ளை அடித்து, சன்னல் கம்பிக்குப் பெயிண்ட் தடவினால் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஆனால் கட்டடம் தன் கோளாறைக் காட்டுவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். எந்த மூலையில் தண்ணீர் இறங்குகிறது, எந்தச் சுவரைத் தொட்டால் கை சுரீரென்கிறது என்பதெல்லாம் மே வெயிலில் தெரியாது. அதனால் முதல் தவறே பார்க்கும் காலத்தில் இருக்கிறது. நவம்பரில் இரண்டு நாள் அடைமழை பெய்த பிறகு ஒருமுறை கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, தேதி எழுதி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மே மாதம் வரும் கொத்தனாரிடம் காட்ட வேண்டியது அந்தப் படத்தைத்தான்.

கம்பி தெரிந்த இடத்தைச் சிமெண்டால் மூடுவது

இந்தக் கரையில் அதிகம் நடக்கும் தவறு இது. அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கடற்காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பி வரை போகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் தாங்காமல்தான் கீழ்ப்பக்கக் கான்கிரீட் வெடித்து விழுகிறது. கடலோரத்தில் திறந்தவெளிக்கு ஆளாகும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பழைய பள்ளிகளின் சன்ஷேடிலும் வராந்தா தளத்திலும் 15 மி.மீ. இருந்தாலே அதிசயம்.

துருவை உள்ளே விட்டு மேலே சிமெண்ட் பூசினால் துரு நிற்காது. வெளியே தெரியாமல் வளர்ந்து, அடுத்த முறை பெரிய துண்டாக, புதுப் பூச்சின் கனத்தையும் சேர்த்துக்கொண்டு விழும். ஆகவே பூச்சுக்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும். அறையைக் காலி செய்து, ஹெல்மெட் போட்டு, நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று, அரை கிலோ சுத்தியலால் ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். அந்த இடங்களை வட்டமிட்டு, உடைத்து இறக்கும்வரை அறையைப் பூட்டி வையுங்கள்.

சரிசெய்யும் முறை இது. பீம் என்றால் முதலில் முட்டுக் கொடுத்து மேலுள்ள பாரத்தை இறக்க வேண்டும். பிறகு கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும்படி 20 முதல் 25 மி.மீ. வரை உடைக்க வேண்டும். நீளவாட்டில் துரு முடிந்து நல்ல கம்பி தெரிந்த பிறகும் இன்னும் 50 மி.மீ. உடைக்க வேண்டும். வயர் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, வெர்னியர் அளவுகருவியால் கம்பியின் விட்டத்தை அளந்து பாருங்கள். 10 மி.மீ. கம்பி 8 ஆகியிருந்தால் பார்வைக்குச் சின்னக் குறைதான், ஆனால் குறுக்குப் பரப்பில் 36 சதவீதம் போய்விட்டது. நான்கில் ஒரு பங்கு போனாலே கூடுதல் கம்பி சேர்ப்பதா, தளத்தையே இடிப்பதா என்று கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். மேஸ்திரி சொல்லக் கூடாது. கம்பி தேறும் என்றால் தேய்த்த அன்றே துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். இரவு தாண்டினால் உப்புக்காற்றில் மறுபடி சிவந்துவிடும். அதன்மேல் பிணைப்புப் பூச்சு, பிறகு பாலிமர் கலந்த மார்ட்டரை ஒரு சுற்றுக்கு 10 முதல் 15 மி.மீ. ஆக அடுக்க வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு அங்குலம் அப்பினால் தன் கனத்திலேயே தொங்கிப் பிரியும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் சில மழைக்காலம் கழித்து ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தில் புதிதாக வெடிக்கலாம். உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டும் உப்பில்லாத புது மார்ட்டரும் ஒரே கம்பியைப் பிடித்திருப்பதால், பழைய பக்கம் முன்னைவிட வேகமாக அரிக்கிறது. அதனால் உப்பு ஆழமாக ஏறிய தளத்துக்கு ஒட்டுவேலை நிரந்தரத் தீர்வில்லை.

கலவைத் தண்ணீரையும் கவனியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கரையோரத்தில் கரிக்கும் போர் தண்ணீரில் கலந்தால் துருவை உள்ளேயே வைத்துக் கட்டியதாக ஆகும்.

ஒழுகுகிறதென்று மேலே கனம் ஏற்றுவது

மாடி ஒழுகினால் பழைய தட்டோட்டின்மேல் இன்னொரு படுகை போட்டுவிடுகிறார்கள். 50 மி.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 125 கிலோ. 6 மீட்டருக்கு 6 மீட்டர் வகுப்பறைக்கு இது நாலரை டன். ஏற்கெனவே கம்பி மெலிந்த தளத்துக்கு இதுவே கடைசிச் சுமையாகலாம். பழையதைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் போடுங்கள். பெரும்பாலும் அடைந்த மழைநீர்க் குழாயும் கைப்பிடிச் சுவர் ஓரத்து அரசஞ்செடியும்தான் காரணமாக இருக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி தளத்தின் நடுவில் இருந்தால் சுவருக்கு நேர் மேலே மாற்றுங்கள்.

புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களுக்கு வேறு கணக்கு. அந்தச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் செங்கல்லை உதிர்க்கும். பழுதைச் சுண்ணாம்புக் காரையாலேயே பார்க்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரக் கட்டைகளின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம், என்றால் உத்தரக் கட்டைகளின் நடுப்பகுதி நன்றாகத்தான் தெரியும். மக்குவது சுவருக்குள் நுழையும் முனை. அங்கே ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். சதக்கென்று இறங்கினால் அந்த அறையில் வகுப்பு வேண்டாம்.

மின்விசிறியின் இறக்கையைத் துடைத்து, கொக்கியை விடுவது

விசிறி விழுந்த செய்திகளைப் படித்தால் காரணம் பெரும்பாலும் மேல்மூடிக்குள் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, மூடியை இறக்கி, நான்கு பொருளைப் பாருங்கள்: கொக்கி, ரப்பர் ரீல், போல்ட்–நட், ஸ்பிளிட் பின். பின் இல்லாமலோ, அதன் இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியோ இருந்தால் ஆட்டத்தில் நட் கழன்று வரும். ரீல் தேய்ந்தால் விசிறி தள்ளாடும், அந்தத் தள்ளாட்டம் கொக்கியை அறுக்கும். மெலிந்த கொக்கியில் வெல்டிங் வைக்காதீர்கள். நல்ல கான்கிரீட் உள்ள இடத்தில் புது ஆங்கர் கிளாம்ப் பொருத்துங்கள். பின்னுக்குத் துருப்பிடிக்காத எஃகு வாங்கினால் சில ரூபாய்தான் கூடுதல்.

கழிவுநீர்த் தொட்டிக்கு இரும்புத் தகடு

2025 ஜனவரியில் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து சிறு குழந்தை இறந்தது. தகட்டின் மேல்பக்கம் பெயிண்டோடு நன்றாகத் தெரியும். தொட்டியின் வாயு படும் அடிப்பக்கம் காகிதமாகியிருக்கும். பெரியவர் ஒருவர் ஏறி நின்று சோதிப்பது தவறான முறை. புரட்டிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் மூடி, எல்லாப் பக்கமும் குறைந்தது 75 மி.மீ. உட்காரும்படி, பூட்டோடு வேண்டும். வேன் திரும்பும் வழியில் இருந்தால் 2.5 டன் தாங்கும் எல்.டி. எனும் லேசான ரகம் போதாது, கனரக மூடி போடுங்கள்.

எம்.சி.பி. இருக்கிறது என்ற தைரியம்

அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி. ஒயர் எரியாமல் காக்கும்; ஆளுக்கு ஷாக் அடிப்பதைத் தடுக்காது. அதற்கு மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கவும் வேண்டும். மழையில் அது அடிக்கடி விழுகிறதென்று சில இடங்களில் பைபாஸ் செய்துவிடுகிறார்கள். அது விழுவதே எங்கோ கசிகிறது என்பதால்தான். சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துக் கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். போர் மோட்டாரும் கழிப்பறை விளக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியவை.

சமையலறை, வழி, சுற்றுச்சுவர்

2004 ஜூலை 16 கும்பகோணத் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. சமையலறைக் கீற்றுக் கூரையில் பிடித்த நெருப்பு அது. இன்று கீற்று இல்லை, ஆனால் சத்துணவு அறையில் காஸ் இருக்கிறது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையோடு படியும். மேலே எக்ஸாஸ்ட் மட்டும் வைத்தால் போதாது, தரை மட்டத்திலும் துவாரம் வேண்டும். டியூபில் அச்சிட்ட தேதியைப் பார்த்து ஐந்து வருடத்துக்குள் மாற்றுங்கள். வகுப்பு நேரத்தில் மாடிப்படி கிரில் கேட்டுக்குப் பூட்டே இருக்கக் கூடாது.

சாய்ந்த சுவருக்கு மண் அணைப்பதும் சவுக்குக் கழி முட்டுக் கொடுப்பதும் காலத்தைக் கடத்துவதே. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சாய்ந்திருந்தால் சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டி ஆளை விலக்கி, இடித்துவிடுங்கள்.

தகரக் கூரை உள்ளவர்கள் ஜே போல்ட்டை ஓரத்திலும் மூலையிலும் நெருக்கிப் போட வேண்டும். புயல் காற்று முதலில் உரிப்பது அங்கேதான். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்றும், ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்றும் இந்தக் கரைக்கு வந்தன. செப்டம்பருக்குள் இந்த வேலையை முடித்துவிட்டால் நல்லது.

கட்டட உறுதிச் சான்று கையில் இருப்பதால் மேற்சொன்ன எதையும் தள்ளிவைக்க முடியாது. சான்று கையெழுத்தான நாளின் நிலையைத்தான் சொல்லும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் எழுதுங்கள். “கட்டடம் பழுதாக உள்ளது” என்று எழுதினால் கோப்பு அங்கேயே தூங்கும். எந்த அறை, எந்தப் பக்கம், விரிசல் எத்தனை மி.மீ. அகலம், சென்ற நவம்பரில் எவ்வளவு, இப்போது எவ்வளவு, அறை எந்தத் தேதியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது என்று படத்தோடு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கி வையுங்கள்.