நம்ம ஊர் கூதிர்காலம்: எப்போது, எங்கே, எப்படிப் பார்ப்பது

என் மகள் நான்காவது படிக்கும்போது பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, இலையுதிர் காலம் நம்ம ஊர்ல எப்ப வரும்?" என்று கேட்டாள். படத்தில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய் நின்றது. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் உள்ள வேம்பும் புங்கையும் அந்த நேரத்தில்தான் வருஷத்திலேயே அதிகப் பச்சையாக இருக்கும். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியிலிருந்து மாசி வரை அவளை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து ஏரி ஏரியாகக் கூட்டிப்போனேன். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். காப்பீட்டு முகவர் வேலை. தவணை வாங்கக் குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு, பாகூர் என்று சுற்றுவதால் வழியெல்லாம் பழக்கம். என் அப்பா ஏரி லஸ்கராக இருந்தவர். மதகு திறப்பது, மூடுவது, கரையில் எலிவளை இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது அவர் வேலை. ஏரியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

குளிர் நாடுகளில் பகல் குறுகி, குளிர் இறங்கும்போது மரம் இலையைக் கொட்டுகிறது. இங்கே அதைத் தீர்மானிப்பது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். மண் ஈரமாக இருக்கும்வரை மரம் இலையை விடாது. தை பிறந்து தரை காய ஆரம்பித்த பிறகுதான் இலை பழுக்கும். அதனால் இரண்டு தவணையாகப் பார்க்க வேண்டும்: கூதிர் மாதங்களில் தண்ணீரை, தை மாசியில் இலையை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று நம் முன்னோர் தனியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் நாள் பார்ப்பது. "மழை விட்ட மறுநாள் போகாத. அதுக்கு மறுநாள் போ" என்பார் அப்பா. மறுநாள் வாய்க்காலெல்லாம் செங்கலங்கலாக ஓடும், கரைக் களிமண் வழுக்கும், பறவைகள் ஒதுங்கியிருக்கும். இன்னொரு நாள் விட்டால் மேல்தண்ணீர் தெளிந்துவிடும். தூசியெல்லாம் மழையில் இறங்கிப்போனதால் வெகுதூரத்துப் பனை கூடத் தனித்தனியாகத் தெரியும். அந்தத் தெளிவு இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். லீவுக்காகக் காத்திருந்தால் போய்விடும், அரைநாள் விடுப்புப் போட்டாவது போங்கள்.

கடலூர், புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அந்த வாரம் வேண்டாம். இன்னொன்றும் உண்டு: நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கிறது என்று ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. அது போதாதென்று, மழை ஓய்ந்த பிறகு சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூருக்குள் புகுந்தது. வெள்ளம் மேலேயிருந்து வரும். அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது நிற்கும் இடம். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நம் பக்கத்து நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் ஏரிகளுக்குப் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் கரை. கரைமேல் நின்றால் தண்ணீர் உங்களுக்கு மேற்கே இருக்கும். காலையில் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். சாயங்காலம் போனால் சூரியன் நேராகத் தண்ணீரில் இறங்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகிவிடும், ஆனால் வானம் முழுக்க உங்களுக்கு. எது வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு போங்கள். பதினோரு மணிக்குப் போனால் இரண்டும் கிடைக்காது.

வீராணம் ஏரியைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டியது. வீரநாராயணன் என்ற தகப்பனின் பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளம். காட்டுமன்னார்கோவில், லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு வரும் சாலை கரையை ஒட்டியே வரும். அணைக்கரையிலுள்ள கீழணையில் கொள்ளிடத்தைத் தடுத்து, வடவாறு வழியாகத் தண்ணீர் இங்கே வருகிறது. முழு நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 47.50 அடி. அப்பா இன்றும் பேப்பரில் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். 46-ஐத் தாண்டிவிட்டது என்றால், "கிளம்பு பாப்பா" என்பார்.

அங்கே ஏதாவது ஒரு மதகுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நில்லுங்கள். ஒரு பக்கம் அலையடிக்கும் தண்ணீர், மறுபக்கம் பத்துப் பன்னிரண்டு அடி கீழே சம்பா நடவு. கார்த்திகையில் அந்த நாற்று வேர் பிடித்து, மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு மாறிக்கொண்டிருக்கும். ஒரே வயலில் நேற்று நட்டதும் பத்து நாளைக்கு முன் நட்டதும் தனித்தனி நிறம். காற்று ஏரியைத் தாண்டி வந்து பயிர்மேல் படும்போது முதலில் தண்ணீர் சிலிர்க்கும், கரையில் நிற்கும் நமக்குக் குளிரும், அப்புறம் கீழே பயிர் சாயும். அதே காற்று மூன்று இடத்தில் வரிசையாகத் தெரியும். என் மகள் எண்ணுவாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு."

கரையில் நடக்க வார் வைத்த ரப்பர் செருப்பு நல்லது. சாதா ஹவாய் களிமண்ணில் வழுக்கும், வெறுங்காலில் போனால் வேலிகாத்தான் முள் ஏறிவிடும். மதகு மேடையில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். உள்ளே சுழல் இருக்கும். அப்பா ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார்.

பறவைக்கு ஊசுட்டேரி. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர், பத்துக்கண்ணு வழியாகப் போகலாம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஏறக்குறைய 800 ஹெக்டேர். பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. இரண்டு பக்கமும் சரணாலயம்தான். காலை ஆறரைக்குள் அங்கே இருக்க வேண்டும். நாமக்கோழியைத் தேட வேண்டியதே இல்லை: கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், கூட்டம் கூட்டமாக மிதக்கும். பறக்க எழும்போது தண்ணீர்மேல் தபதபவென்று ஓடிவிட்டுத்தான் எழும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வடக்கேயிருந்து வந்து பங்குனிக்குள் திரும்பிவிடும். நத்தைகுத்தி நாரையை அதன் அலகை வைத்தே கண்டுபிடிக்கலாம். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அது நின்று தின்ற இடத்தில் கரையில் வெறும் நத்தை ஓடுகள் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓடு பெரும்பாலும் உடையாமல், உள்ளே மட்டும் சுத்தமாகக் காலியாக இருக்கும்.

பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே இடத்தில் அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் வராது, அப்புறம் அவை நம்மை மறந்துவிடும். போனில் பாட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பாகூர் ஏரிக்குத் தனியாக ஒரு நாள் வேண்டாம். கடலூர், புதுச்சேரி போகும் வழியில் திரும்பி ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வரலாம். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. பக்கத்திலேயே மூலநாதர் கோயில், அதையும் பார்த்துவிடுங்கள்.

அருவி? கடலூரிலும் புதுச்சேரியிலும் அருவி விழும் அளவுக்கு மலையே இல்லை, அருவிக்கு எங்கே போவது. ஆனால் ஏரி நிரம்பி "கோடி போகுது" என்று சொல்வார்களே, அந்தக் கலிங்கல்தான் சமவெளிக்காரர்களின் அருவி. கெடிலத்தில் திருவந்திபுரத்து அணைக்கட்டில் தண்ணீர் வழியும்போது ஊரே வந்து நிற்கும். கரையில் நின்று பாருங்கள், வழியும் கல்மேல் கால் வைக்காதீர்கள். பாசி. நிஜ அருவிதான் வேண்டும் என்றால் கல்வராயன்மலை: கள்ளக்குறிச்சி, கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைப் பாதையில் பெரியார் அருவி, இன்னும் உள்ளே மேகம் அருவி. விடியற்காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும்.

கார்த்திகையில் கடலூரை ஒட்டிய மேட்டுநிலமான கேப்பர் மலைப் பக்கம் போனால் செம்மண் வேலிகளில் செங்காந்தள் பூத்திருக்கும். கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வோம். நம் மாநிலப் பூ. இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே கொடியில் நான்கைந்து பூ இருக்கும். இன்று மலர்ந்ததில் ஆறு இதழும் இளம்பச்சை கலந்த மஞ்சள். அதற்குக் கீழே உள்ளது பாதி மஞ்சள், நுனி சிவப்பு, ஓரமெல்லாம் நெளிநெளியாய். இன்னும் கீழே உள்ளது அடிவரை சிவந்து, இதழெல்லாம் மேலே நிமிர்ந்து தீபம் மாதிரி நிற்கும். புத்தகத்துப் படத்தில் ஒரு மரம் மாறிய அத்தனை நிறமும் ஒரு முழக் கொடியில். என் மகளுக்கு "நம்ம ஊர்லயும் வரும்" என்று நான் சொன்னது இதைக் காட்டித்தான். பறிக்க வேண்டாம். கிழங்கும் விதையும் கடும் விஷம், குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

மார்கழி கடைசியில், மழை நின்ற பிறகு பிச்சாவரம் போங்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழி. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும், சத்தமும் இருக்காது. சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் இரண்டு பக்கமும் விரலை ஊன்றியதுபோல் நிற்கும், தலைக்கு மேல் கிளைகள் கோத்துக்கொள்ளும்.

அங்கே தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். இதன் இலை உதிரும் முன் செம்மஞ்சளாகி, செக்கச்செவேலென்று சிவக்கும். பச்சைக் காட்டுக்குள் அங்கங்கே அந்தச் சிவப்பு. முதல் தடவை போனபோது ஆசையில் நான் ஒரு கொப்பை இழுத்துவிட்டேன். "அக்கா, விடுங்க! பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்று படகுக்கார தம்பி கத்தினார். விட்டேன், ஆனால் விரலில் பட்டது தெரியாமல் வியர்வையைத் துடைத்துவிட்டேன். இரண்டு நாள் இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. நல்லவேளை, உள்ளே படவில்லை. தில்லையைக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

தூரம் போக முடியாதவர்களுக்குப் புதுச்சேரித் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. வாரநாள் காலையில் போனால் கூட்டம் இருக்காது. வயதானவர்களைக் கூட்டிப்போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவுக்கு முட்டிவலி, பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

தை, மாசிக்கு எங்கேயும் போகவே வேண்டாம். தெருவில் வாதாங்கொட்டை மரம் இருந்தால் போதும். அந்தப் பெரிய அகல இலை ஒன்று விழுந்ததும் எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். நடுவெல்லாம் சிவந்திருந்தாலும் நரம்போரம் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கும். தன்னிடம் இருக்கும் சத்தை மரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இலை விழுகிறது. பச்சை போகப்போக உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சிவப்பு அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாகிறது. எங்கள் எதிர்வீட்டு மரம் கொட்ட ஆரம்பித்தால் பத்து நாள் வாசலில் சிவப்புதான். அப்புறம் ஒரு வாரம் வெறும் கிளை, அதற்குள் கிளை நுனியில் மெழுகு தடவியதுபோல் பளபளவென்று புதுத் துளிர். எதிர்வீட்டு அக்கா காலையில் பெருக்கக் கிளம்பும்போது, "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கா" என்று சொல்லிவிட்டு நானும் மகளும் நல்ல இலையாகப் பொறுக்கிக்கொள்வோம். பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்தால் நிறம் ரொம்ப நாள் அப்படியே இருக்கும்.