சிறு விமானத்தில் ஆம்பியரும் வோல்ட்டும் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாகக் கட்டிய விமானத்தில் அம்மீட்டர் ஏதோ உளறுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஷன்ட்டை எங்கே வைத்தீர்கள் என்றுதான். ஷன்ட் என்பது மின்னோட்டம் ஓடும் வயரின் நடுவே வைக்கும் மிகச் சிறிய தடை; அதன் இரு முனைக்கும் இடையே விழும் மில்லிவோல்ட்டை அளந்துதான் மீட்டர் ஆம்பியரைக் காட்டும். மீட்டர் என்ன மாடல் என்பதெல்லாம் அப்புறம்.

ஷன்ட் வைக்க வழக்கமாக மூன்று இடங்கள் உண்டு. எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு வயரில் வைத்தால், ஆல்டர்னேட்டர் எவ்வளவு தருகிறது என்று தெரியும். பேட்டரிக்குப் போகும் வயரில் வைத்தால், பேட்டரி சார்ஜ் ஆகிறதா, வடிகிறதா என்று தெரியும். பஸ்ஸுக்கு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பொதுப் பட்டைக்குப் போகும் வயரில் வைத்தால் மொத்தச் சுமை தெரியும். பேட்டரி நிரம்பியதும் இரண்டாவது இடத்தில் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், அது நல்ல செய்தி. முதல் இடத்தில் அதே பூஜ்யம் வந்தால் ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது. எதை அளக்கிறோம் என்று பேனலில் எழுதி ஒட்டாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து நமக்கே குழப்பம் வரும்.

பேட்டரி வயரில் வைக்கும்போது, ஸ்டார்ட்டருக்குப் பிரியும் இடத்தைத் தாண்டி வையுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது நூறு ஆம்பியரைச் சுலபமாகத் தாண்டும். 60 ஆம்பியர் ஷன்ட் அதற்குச் செய்ததல்ல. தொடர் சுமையையும் ஷன்ட்டின் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது. சூடானால் அளவு நகரும்.

அடுத்தது, நான் அதிகம் பார்க்கும் தவறு. ஷன்ட்டில் இரண்டு பெரிய போல்ட்டும் இரண்டு சின்ன ஸ்க்ரூவும் இருக்கும். பெரியது மின்னோட்டத்துக்கு, சின்னது மீட்டருக்கு. மீட்டர் வயரின் நுனியில் லக் (உலோக வளையம்) போட்டுப் பெரிய போல்ட்டிலேயே சேர்த்து முறுக்கிவிடுவார்கள், பார்க்கவும் கச்சிதமாக இருக்கும். 60 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் தரும் ஷன்ட்டில் 30 ஆம்பியர் ஓடினால் 25 மில்லிவோல்ட் வரவேண்டும். அந்த போல்ட் இணைப்பில் 0.2 மில்லி ஓம் தடை இருந்தாலே இன்னொரு 6 மில்லிவோல்ட் சேர்ந்து, மீட்டர் 37 என்று காட்டும். கொஞ்சம் துரு, கொஞ்சம் தளர்ந்த நட்டு, அவ்வளவு போதும். மீட்டரைக் கழற்றி மாற்றுபவர்கள் பலர் இந்த போல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த மெல்லிய மீட்டர் வயர்கள் இரண்டும் பேட்டரியின் முழு மின்னழுத்தத்தில் இருப்பவை. ஃபயர்வாலின் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பின்) ஓட்டையில் உராய்ந்து ஒன்று உலோகத்தைத் தொட்டால், பேட்டரியின் முழு பலமும் அந்த வயரில் பாய்ந்து கொளுத்திவிடும். ஷன்ட்டை ஒட்டியே இரண்டு வயரிலும் 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லை என்பதால் அளவு கெடாது.

மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் பலவும் ஷன்ட்டை கிரவுண்ட் பக்கம் எதிர்பார்க்கும். உலோக உடலுள்ள விமானத்தில் அது ஒத்துவராது. எஞ்சின் மவுன்ட் வழியாகவும் உடல் வழியாகவும் மின்னோட்டம் சுற்றிப் போய்விடும், மீட்டர் குறைவாகக் காட்டும். கிரவுண்ட் போல்ட் தளர்ந்தால் இன்னும் மோசம்: ஸ்டார்ட்டர் மின்னோட்டம் த்ராட்டில் கேபிள் வழியே திரும்ப வழி தேடும். பிளஸ் பக்க ஷன்ட்டைத் தாங்கும் மீட்டராகவே வாங்குங்கள்.

வயரைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் வளையமான ஹால் சென்சார் வைத்தால் இந்தத் தொல்லைகள் பாதி போகும். அளக்க வேண்டிய வயர் மட்டும் வளையத்துக்குள் போக வேண்டும், அம்புக்குறி திசை சரியாக இருக்க வேண்டும், மின்னோட்டம் இல்லாதபோது பூஜ்யம் சரிபார்க்க வேண்டும்.

வோல்ட்டுக்கு வருவோம். பேனல் திரையின் சொந்த சப்ளை வயரிலேயே வோல்ட்டை அளந்தால், அந்த வயரில் விழும் அழுத்தமும் கழிந்துதான் தெரியும். 5 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.05 ஓம் இருந்தால் கால் வோல்ட் காணாமல் போகும். அதைப் பார்த்து, ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கூட்டினால் பேட்டரிதான் பாழாகும். பஸ்ஸிலிருந்து தனி வயர் இழுப்பதே சரி.

எச்சரிக்கை விளக்கு எந்த வோல்ட்டில் எரிய வேண்டும் என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். ஈய அமில பேட்டரி நிரம்பி ஓய்வில் 12.7 வோல்ட் அருகே இருக்கும், சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஓடும். அதனால் 13 என்று வைத்தால் போதும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஓய்விலேயே 13.3 அருகே நிற்கும். அதே 13 எச்சரிக்கையை விட்டுவைத்தால், ஆல்டர்னேட்டர் போன பிறகும் நெடுநேரம் விளக்கு எரியாது. எரியும்போது பேட்டரியில் கணிசமான பங்கு வடிந்திருக்கும். பேட்டரியை மாற்றும் அன்றே இந்த எண்ணையும் மாற்றுங்கள்.

மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஆம்பியர் துளையிலேயே மறந்து விட்டு வோல்ட் பார்ப்பது எல்லோரும் ஒருமுறையாவது செய்வது. நானும் செய்திருக்கிறேன். அது பேட்டரியை நேராக ஷார்ட் செய்வதற்குச் சமம். வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி அளக்குமா என்று பாருங்கள், பல மாடல்கள் ஏசி மட்டும்தான்.

எல்லாம் மாட்டியதும் எஞ்சினை அணைத்து, மாஸ்டர் ஸ்விட்ச்சை (பேட்டரியை இணைக்கும் முதன்மை ஸ்விட்ச்) மட்டும் போட்டு, 55 வாட் லைட் ஒன்றை எரியவிடுங்கள். பேட்டரி வயரில் ஷன்ட் இருந்தால் மைனஸ் பக்கம் நாலரை ஆம்பியர் அளவுக்குக் கூட வேண்டும். பிளஸ்ஸில் போனால் அந்த இரண்டு மெல்லிய வயர்களையும் இடம் மாற்றுங்கள்.